மதிவாணன் பிரித்து வைத்த கெளுத்திகள்

ஈக்காட்டுத்தாங்கலில் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை ஒன்றில் மதிவாணனுக்குத் தரம் பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜை. லேத்திலிருந்து வரும் போல்ட்டை வெர்னியரில் வைத்துப் பார்ப்பார். முடியளவு கூடியிருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். லேத்துக்காரர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், டீ வாங்கிக் கொடுத்துப் பார்ப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு மறுபடியும் சிவப்புப் பெட்டியிலேயே போடுவார்.

அப்படிப்பட்டவரின் ராயப்பேட்டை வீட்டுக்கு, முதலாளி அலுவலகத்தை மாற்றும்போது கழித்துவிட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து சேர்ந்தது. தொட்டி வந்தால் மீன் வேண்டுமே! தெருமுனையில் குலாம் ரசூலின் கலர் மீன் கடை. தங்கமீன் மதிவாணனுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. கட்டைவிரல் நீளத்தில், மீசை வைத்துக்கொண்டு, மணலை மோந்து மோந்து திரிந்த குட்டிக் கெளுத்திகளிடம்தான் அவர் கண் போய் நின்றது. கோரிடோராஸ் என்ற பெயரைச் சுருக்கிக் கடைக்காரர்கள் அவற்றைக் கோரி என்பார்கள். தென் அமெரிக்க ஆற்று மீன். "இதுல மட்டும் நூறு வகைக்கு மேல கீது நைனா," என்று ரசூல் சும்மா இல்லாமல் சொல்லி வைத்தார்.

முதலில் 'ஜூலி' வகை என்று ஆறு மீன் வாங்கிப் போன மதிவாணன், ஒரு வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு எட்டாம் நாள் கடைக்கு வந்து நின்றார்.

"பாய், இது ஜூலி இல்ல. ஜூலிக்குத் தலையில புள்ளி புள்ளியா இருக்கும். இதுக்குக் கோலம் கிறுக்குன மாதிரி கோடா கீது. இது ட்ரைலினியேட்டஸ்."

"பதினஞ்சு வருசமா ஜூலின்னுதான் விக்கிறேன். ஒரு மீனும் வந்து கம்ப்ளெயின்ட் பண்ணதில்லயே?"

"அதான் நான் வந்துகீறேன்."

ரசூல் அட்டையை மாற்றி எழுதினார். அத்தோடு விட்டிருந்தால் சரி. மதிவாணன் தி.நகர், அடையாறு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை கடையாகப் போய் ஜூலிகளைப் பிடித்துத் திருத்த ஆரம்பித்தார். அவர் தலையைக் கண்டதும் பெயர் அட்டையைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிடும் கடைக்காரர்கள்கூட உண்டு. "ஊர்ல இருக்கற மீனுக்கெல்லாம் பேரு வெக்கறாரு, வூட்ல ஒரு கயல் கீறது கண்ணுக்குத் தெரியல," என்று மனைவி கயல்விழி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், ரசூலுக்கு வந்த பெட்டி ஒன்றில் தண்ணீர் ஒழுகி, மேலே ஒட்டியிருந்த சீட்டு மாவாகக் கரைந்துவிட்டது. உள்ளே நாற்பது கோரி. பயணக் களைப்பில் நிறமெல்லாம் வெளுத்துக் கிடந்தன. என்ன வகை என்று யாருக்கும் தெரியவில்லை. ரசூல் தானாகவே மதிவாணனுக்குப் போன் போட்டார்.

மதிவாணன் அன்றைக்குப் பட்டறைக்கு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதுதான் மூன்றாவது லீவு. முதல் இரண்டும் கல்யாணத்துக்கு எடுத்தவை. தொட்டிக்குப் பின்னால் கிராஃப் தாளை ஒட்டி, மீன் குறுக்கே போகும்போதெல்லாம் போட்டோ எடுத்து, கட்டம் எண்ணி, நோட்டில் எழுதினார். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. "பாய், இது ஒண்ணு இல்ல, ரெண்டு வகை. ஒண்ணு தடிச்ச ஒடம்பு, முதுகுத் துடுப்பு கட்டை. இன்னொண்ணு ஒல்லி, துடுப்பு கொடி மாதிரி தூக்கிக்கினு நிக்குது. நடுவுல ஒண்ணுகூட இல்ல பாருங்க."

பெயர் கண்டுபிடிக்கும் வரைக்கும் 'குட்டை', 'நெட்டை' என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ரசூல் தனித்தனித் தொட்டியில் விட்டு அட்டை மாட்டினார். மதிவாணன் வகைக்கு ஆறாக வாங்கிப் போய், வீட்டில் இரண்டு தொட்டிகளில் விட்டார். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதென்று வலைகூடத் தனித்தனி.

நாலு மாதம் போயிற்று. ஒருநாள் விடாமல் மழை. மதிவாணன் பட்டறைக்குப் போயிருந்தபோது நெட்டைத் தொட்டியின் மூலையில் கசிவு கண்டு, கூடமெல்லாம் தண்ணீர். கயல்விழி யோசிக்கவே இல்லை. ஆறு நெட்டையையும் அள்ளிக் குட்டையோடு விட்டாள். அந்தத் தொட்டியிலும் தண்ணீர் பழசாக இருக்கவே பாதியை இறைத்துவிட்டு, குளிர்ந்த புதுத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே தொட்டிப் பக்கம் வந்த மதிவாணன் பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டு நின்றார். கண்ணாடி முழுக்க ஜவ்வரிசி தெளித்த மாதிரி முட்டை. ஒரு குட்டை, வயிற்றடித் துடுப்பில் முட்டையை இடுக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனது. பின்னாலேயே மூன்று நெட்டைகள் முட்டி மோதிக்கொண்டு துரத்தின.

"யோவ்," என்றாள் கயல்விழி, பின்னால் வந்து நின்று. "அது ரெண்டு வகை இல்லய்யா. ஆம்பள, பொம்பள. நாலு மாசமா புருசன் பொண்டாட்டியப் பிரிச்சு வெச்சுக்கினு இருந்திருக்க. பாவம் சுத்தும்யா!"

"சில சமயம் ரெண்டு வகையும் கலந்துக்கும். கலப்பினமா இருக்கலாம்."

"ஒரு பக்கம் ஆறும் ஆம்பளயாவும், இன்னொரு பக்கம் ஆறும் பொம்பளயாவுமா கலந்துக்கும்?"

மதிவாணன் வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார். மீன் வளர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருந்து கூடும் ஒரு குழுவில் அன்றைக்கே போட்டோவைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பலேட்டஸ், அதாவது மிளகுப் புள்ளி கோரி. தொட்டி மீன்களிலேயே பழம்பெரும் வகை. காட்டு ரகத்தில் ஆணுக்குத் துடுப்பு நீளும். கடைசியில் 'வாழ்த்துகள், நீங்கள் அப்பாவாகப் போகிறீர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்று பட்டறையில் மதிவாணன் ஒரு போல்ட்டைக்கூடத் தள்ளவில்லை. லேத்துக்காரர்கள் அவருக்கு ஜுரமோ என்று பயந்தார்கள்.

சாயங்காலம் ரசூலிடம் போய், கயல்விழி சொன்னதையும் சேர்த்து ஒளிக்காமல் சொன்னார். ரசூல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது. "நைனா, அந்த மயிலாப்பூர் சார்! குட்டை மட்டும் ஆறு வாங்கினு போனாரே. குஞ்சு பொரிக்க வெக்கணும்னு!"

மயிலாப்பூரில் அந்த ரிட்டயர்டு பாங்க் அதிகாரி பாண்டுரங்கன் வீட்டுக்கு, பையில் நாலு நெட்டையோடு மதிவாணன் தனியாகத்தான் போனார். ரசூல், கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லிவிட்டார். பாண்டுரங்கன் முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறும் பொம்மனாட்டிகளா?"

"ஆமா சார். தப்பு என்னுதுதான்."

"நாலு மாசமா தெனம் தண்ணி மாத்திண்டு, மழைத்தண்ணியப் பிடிச்சு விட்டுண்டு, ஆத்துல யாரையும் சத்தமாப் பேசக் கூடாதுன்னுட்டு... ஓய், என்னை மகளிர் விடுதிக்கு வார்டனா ஆக்கிட்டீரே!" உள்ளே திரும்பிச் சத்தம் போட்டார். "அடியே, இனிமே டிவிய சத்தமா வெச்சுக்கலாம்!"

கோபித்துக்கொண்டு துரத்திவிடுவார் என்று நினைத்துப் போன மதிவாணனுக்குக் காப்பி வந்தது. இருவரும் தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பையிலிருந்து இறங்கிய நெட்டைகள் பத்து நிமிடம் மணலில் சும்மா கிடந்தன. பிறகு துடுப்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன. பாண்டுரங்கன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே கடைகளுக்குப் போகிறார்கள். மதிவாணன் ஜூலிகளை இன்னும் விடவில்லை. ஆனால் புது மீனைக் கண்டால் முதலில், "சார், இது பொண்ணா இருக்குமோ?" என்று கேட்கிறார்.

அந்த வருடமே ஆராய்ச்சியாளர்கள் கோரிகளைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள்; பலேட்டஸ் இனி கோரிடோராஸ் இல்லை, ஹோப்ளிசோமா. மதிவாணன் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு ரசூலிடம் ஓடினார்.

ரசூல் தொங்கிக்கொண்டிருந்த முப்பது அட்டைகளையும் ஒருமுறை பார்த்தார். "பிரிக்கறதுக்கு முன்னாடி அவங்க பொண்டாட்டிங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டாங்களா?" என்றார்.