முயல்காது முடிச்சு

லண்டனிலிருந்து விடுமுறைக்குப் போன இடத்தில், கியோட்டோவில், துணியால் பொதி கட்டும் வகுப்பொன்றில் உட்கார்ந்திருந்தேன். சதுரத் துணியின் நடுவில் சாப்பாட்டுப் பெட்டியை வைத்து, எதிரெதிர் முனைகளை முடிச்சிடவேண்டும். ஆசிரியை செய்து காட்டி முடிப்பதற்குள் என் கைகள் முடிச்சைப் போட்டுவிட்டன. இரண்டு நுனிகளும் முயல்காதுபோல நின்றன.

அது அப்பாவின் முடிச்சு. லண்டன் பிளேஸ்டோவில் நான் பள்ளிக்குப் போன நாட்களில், பெற்றோல் அடிக்கும் செட்டில் ஷிப்டுக்குப் போகுமுன், தான் உடுத்துப் பழசான சாரத்தில் வெட்டிய துண்டால் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டித்தருவார். புட்டும் கறியும் மணக்கும் அந்தத் துணியைத் தெருமுனையிலேயே அவிழ்த்துப் பைக்குள் ஒளித்துவிடுவேன்.

பள்ளிச் சுற்றுலா அன்று பொதியை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அப்பா வேலை உடுப்போடு பஸ்ஸடிக்கு ஓடிவந்தார்.

“பிள்ளை, சரிச்சுப் பிடிக்காதை. குழம்பு சிந்திப்போடும்.”

அவர் யாரென்று சிநேகிதி கேட்டாள். பக்கத்து வீட்டு ஆள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். நீட்டிய பொதியை என்னிடம் தராமல் டீச்சரிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளையின் சாப்பாடு என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் முதல் என் பெட்டி பிளாஸ்டிக் பையில் வந்தது. நான் சொன்னதைப்பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

கியோட்டோ ஆசிரியை என் பொதியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். இந்த முடிச்சை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“யூடியூப்பில் பார்த்தேன்” என்றேன்.