பேக்கரிக்காரரின் முதுகு

எங்கள் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த அக்காவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. இரண்டு பேர் சேர்ந்து சிரித்தாலே என்ன ஏது என்று துருவி எடுத்துவிடுகிற ஆள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். நகம் தேறிவிட்டது, முகம் தேறவில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் பிரிவுக்கு மேல்மாடியில் எங்கள் கூடம். தீக்காயத்தோடு வருகிறவர்களின் உடம்பில் வேகாமல் மிஞ்சிய இடத்திலிருந்து தபால்தலை அளவுக்குத் தோலை வெட்டி எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் அதைத் தனித்தனி செல்லாகப் பிரித்து, தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் போட்டு, மீடியம் என்று நாங்கள் சொல்கிற சிவப்பு ஊட்டநீரை ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டரில் வைத்து வளர்ப்போம். செல்கள் அடித்தரையில் ஒட்டிக்கொள்ளும், பருக்கும், இரண்டாகும், நாலாகும். தின்னத் தின்னச் சிவப்பு நீர் மஞ்சளாகிக்கொண்டே வரும். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுவோம். ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு குடுவை நிறைந்ததும் அதை ஏடு மாதிரி உரித்து எடுத்து, வெந்த இடத்தில் போர்த்த அனுப்புவோம். அவரவர் செல்லிலிருந்து வளர்ந்த தோல்தான் அவரவர் உடம்பில் நிலைக்கும். அடுத்தவர் தோல் சில வாரம் ஒட்டியிருப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு உரிந்து விழுந்துவிடும்.

முதல் வாரத்தில் அக்கா எனக்குச் சொன்ன பாடம் இதுதான்: "செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்குல்ல, அது சும்மா யாரையும் உள்ள விடாது. யாரு, எதுக்கு வந்தேன்னு கேட்டுத்தான் விடும். எல்லாரையும் நம்புற செல்லு செத்துப்போயிடும். புரியுதா?"

"புரியுதுக்கா" என்றேன்.

"புரிஞ்ச மாதிரி தெரியல" என்றார்.

வீட்டிலும் அவர் அப்படித்தானாம். பாலை முகர்ந்து பார்க்காமல் காய்ச்ச மாட்டார். அவர் கணவர் பஸ் கண்டக்டர். மதியம் போன் வந்தால் கூடமே காதைத் தீட்டிக்கொள்ளும். "கதவப் பூட்டினீங்களா? பூட்டிட்டு இழுத்துப் பாத்தீங்களா?" ஒருநாள் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டார் என்று அந்த மனிதரே கொண்டுவந்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணத்தன்னிக்கு மாலை போடுறதுக்கு முன்னாடி என்னை ரெண்டு தடவை உத்துப் பாத்தாம்மா. பொண்ணு பாக்க வந்த ஆளுதானான்னு!"

இந்தச் சந்தேகம் பிறவிக்குணமில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. இங்கே வருவதற்கு முன்னால் அக்கா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். அங்கே ஒரு பேராசிரியர் ஈரல் செல் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தது கடைசியில் ஈரலே இல்லை. எப்போதோ பக்கத்துக் குடுவையிலிருந்து தாவிய வேறெவரோ ஒருவரின் புற்றுநோய்ச் செல், ஈரலை நெருக்கித் தள்ளிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. பார்வைக்கு வித்தியாசமே இல்லை. பேராசிரியர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் செல்களுக்குத் தினமும் ஊட்டியது அக்கா. 'நல்லா வளருது சார்' என்று தினமும் போய்ச் சொன்னதும் அவர்தான்.

அதனால் எங்கள் கூடத்தில் அவர் வைத்த சட்டங்கள் கறாரானவை. ஒரு நோயாளிக்கு ஒரு மீடியம் பாட்டில். குடுவைகளைத் திறந்து வேலை செய்யும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் செல்கள் திறந்திருக்கக் கூடாது. ஒரு நோயாளியின் செல்களைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பேர் தனித்தனியாக வளர்க்க வேண்டும்; ஒருத்தர் கெடுத்தாலும் மற்றவரிடம் மிஞ்சும்.

பேக்கரிக்காரரின் செல்கள் வந்தபோது ஒரு பாதி அக்காவுக்கு, மறுபாதி எனக்கு என்று ஆனது. அடுப்பு வெடித்து முதுகு முழுக்க வெந்துபோயிருந்தது. வயதானவர். இப்போதைக்கு இறந்தவர் ஒருவரின் தானத்தோலால் முதுகை மூடி வைத்திருந்தார்கள். அது உரிவதற்குள் சொந்தத் தோல் போய்ச் சேரவில்லையென்றால் கிருமி புகுந்துவிடும், அப்புறம் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார். யார் இறங்கினாலும் ஒரே கேள்வி: "வளருதா?"

அக்காவின் குடுவைகளில் வளர்ந்தன. என் குடுவைகளில் வளரவில்லை. வளரவே இல்லை என்று சொல்ல முடியாது. மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் மாதிரி ஓரம் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து அக்கா என்னைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கூண்டில் வேலை செய்துகொண்டே கண்ணை என் கைமேல் வைத்திருப்பார். "உறிஞ்சுற குழாய் முனை எங்கியாவது பட்டுச்சா?" "படலக்கா." "பட்ட மாதிரி இருந்துச்சே." நான் இருமினால் திரும்பினார். கழிவறைக்குப் போய்வந்தால் மணிக்கட்டு வரை நனைந்திருக்கிறதா என்று பார்த்தார். என் குடுவைகளை மேல்தட்டிலிருந்து எடுத்து, தேறாதவற்றை வைக்கும் அடித்தட்டில் வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடியைப் போல நடத்துகிற இடத்தில் என்ன வேலை வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் அம்மாவிடம் அழுதேன். அதைவிட மோசம், சில நாளில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. முனை பட்டிருக்குமோ? எதையாவது மாற்றி ஊற்றியிருப்பேனோ? ஒவ்வொரு பாட்டிலின் சீட்டையும் இரண்டு தடவை படித்தேன், அதையும் அக்கா பார்த்தார்.

அக்காவின் குடுவைகள் நிறைந்துவிட்டன. டாக்டர் நேரே மாடிக்கு வந்து, "நாளைக்குப் போர்த்திடலாம்ல?" என்றார். பேக்கரிக்காரரின் மனைவி படியிலிருந்து எழுந்து நின்றார்.

அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. டாக்டர் அக்காவைப் பாராட்டப்போகிறார் என்று நான் சலித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம் டாக்டர். நாளைக்கு முடியாது."

"ஏன்? அருமையா வளந்திருக்கே!"

"அதான் டாக்டர் பயமா இருக்கு. இந்த வயசுல இவ்வளவு வேகமா வளராது. இது அவரோடதுதானான்னு பாக்கணும்."

டாக்டர் கத்தினார். தானத்தோல் ஓரங்களில் கிளம்ப ஆரம்பித்துவிட்டது, காய்ச்சல் எட்டிப் பார்க்கிறது, இந்த நேரத்தில் உங்களுக்கு வேறு வேலையில்லையா என்றார். வெளியே மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ மறைக்கிறீங்க. செத்துப்போச்சா? உண்மையச் சொல்லும்மா." செத்தால்கூடச் சொல்லிவிடலாம், இதை எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில் எங்களிடம் இருந்த இன்னொரு நோயாளி ஓர் இளம்பெண். மாறியிருந்தால் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்த்தால் போதும். செல்லின் நடுவில் உட்கருவில் சுருண்டிருக்கும் குரோமோசோம்களில் சாயமேற்றிப் பார்த்தால், ஆணின் செல்லில் ஒரு பச்சைப் புள்ளியும் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒளிரும். பெண்ணின் செல்லில் இரண்டுமே பச்சை. பக்கத்துக் கட்டடத்தில் அதைச் செய்பவர்களிடம் அக்காவே இரண்டு தட்டிலிருந்தும் எடுத்துப் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவரோட பாட்டில் நம்ம ரெண்டு பேருக்கும் பொது. அதையும் அந்தப் பொண்ணோடதையும் ஒண்ணா திறந்தியா? இப்பவே சொல்லிடு."

"இல்லக்கா" என்றேன். என் குரல் எனக்கே பொய் சொல்பவள் குரல்போலக் கேட்டது.

மறுநாள் முடிவைக் காட்ட எல்லோரையும் அந்த இருட்டறைக்குக் கூப்பிட்டார்கள். அக்காவின் குடுவையில் இருந்தவை: பச்சை, பச்சை. அடுத்த செல்லும் அப்படியே. அதற்கடுத்ததும். நடுவே எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் ஒரு சிவப்பு. அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் உடைந்துபோய், "நாந்தான்க்கா செஞ்சிருப்பேன், எப்படின்னு தெரியல" என்றேன்.

"சும்மா இரு" என்றார் அக்கா. "உன்னோடதைப் போடச் சொல்லு."

என் குடுவை, அடித்தட்டில் ஒண்டிக்கொண்டிருந்தது. பச்சை, சிவப்பு. பச்சை, சிவப்பு. ஒன்று தப்பாமல் எல்லாம் கிழவருடையவை. கிழவருடைய செல், கிழவரைப் போலவே மெதுவாக வளர்ந்திருக்கிறது.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த இளம்பெண்ணின் செல்களுக்கு ஊட்டிய நாட்களையெல்லாம் வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அந்தப் பொண்ணோட செல்லுக்கு ஊத்திட்டு அவ பாட்டிலை எடுத்து வைக்கல. அடுத்து பேக்கரிக்காரரோடதை எடுத்தேன். அப்ப இவ இருமினா. நான் இவ கையையே பாத்துட்டிருந்தேன். என் கை எந்தப் பாட்டிலுக்குப் போச்சுன்னு பாக்கல. என் தப்புதான்."

இளம்பெண்ணின் பாட்டிலில் தெறித்துக் கிடந்த ஒன்றிரண்டு செல்கள் போதுமானதாக இருந்திருக்கும். இளரத்தம். கிழவரை ஓரங்கட்டிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவரைத் திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் உதவாமல் போயிற்று. ஊரையெல்லாம் கண்காணித்தவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு என்னவோ செய்தது.

அக்கா எழுந்தார். தன் குடுவைகளை எல்லாம் மருந்தூற்றிக் கொட்டினார். என் குடுவைகளை மேல்தட்டில் வைத்தார். பிறகு நேரே படிக்குப் போய் பேக்கரிக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"அம்மா, நான் வளர்த்தது உங்க வீட்டுக்காரரோடது இல்ல. கலந்துபோச்சு. தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு வளர்த்தது அவரோடதுதான். ஆனா நிறையறதுக்கு இன்னும் நாளாகும். அதுவரைக்கும் வேற தானத்தோல் வச்சு மூடச் சொல்லியிருக்கேன்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இதுவாவது அவரோடதுதான்னு நான் எப்படி நம்புறது?" என்றார்.

"நம்பாதீங்க" என்றார் அக்கா. "தினமும் மேல வந்து கேளுங்க. பாக்கணும்னா காட்டச் சொல்லுங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க."

அந்த அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தினமும் வந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, "இதுல அவரு எங்க இருக்காரு?" என்பார். நான் குடுவையின் ஓரத்தைக் காட்டுவேன். அக்கா என் கூண்டுக்குப் பக்கத்தில் வரவேயில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவோரமாக நிற்பார். கிழவருக்குக் காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அந்த நாட்களில் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. குடுவைகள் மெல்ல மெல்ல நிறைந்தன. மறுபடி புள்ளி பார்த்தோம். பச்சை, சிவப்பு. போர்த்தினார்கள்.

பல வாரம் கழித்து அந்த அம்மா படியேறி மூச்சிரைக்க வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"முதுகெல்லாம் அரிக்குதுங்கறாரும்மா. ராத்திரி பகலா அரிக்குதாம். நிஜமாச் சொல்லுங்க, வேற ஆளோடது எதாவது போயிடுச்சா?"

"உரியுதா?" என்றார் அக்கா.

"உரியலையே. அரிக்குதுன்னுதான் என் உயிரை வாங்குறாரு. சொறிஞ்சு விடுங்கறாரு, திட்டுறாரு."

"வேற ஆளோடதா இருந்தா இந்நேரம் கழண்டு விழுந்திருக்கும்மா. உரியாம அரிக்குதுன்னா..." அக்காவால் முடிக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "சொல்லும்மா, நீ சொல்லு. நீ வளர்த்தது."

"அது அவரோட தோல்தாம்மா" என்றேன்.

அந்த அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் அக்காவும் உட்கார்ந்து அழுதார்.