பிரபுவின் படத்தடியில் ஒரு கட்டைவிரல்

டார்கஸ் பிம்முக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று லண்டன் ஹோல்பர்ன் பக்கம் பேசிக்கொள்வார்கள். வராதா பின்னே? கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் கட்புஷ்ஷின் கல்லச்சுக் கூடத்தில் அவள் வரைந்த முகங்களுக்குக் கணக்கில்லை. மந்திரிகள், பேராயர்கள், தளபதிகள் எல்லாரும் அவள் கையால்தான் சுவரேறினார்கள். படத்தடியில் இருப்பதோ முதலாளியின் பெயர். அந்த ஆளுக்கு ஒரு மூக்கை ஒழுங்காக வரையத் தெரியாது.

ஹெய்ல்ஸ்டன் பிரபு மந்திரியானார். விருந்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க அவர் படம் வேண்டுமாம். அப்போதுதான் டார்கஸ் பிடிவாதமாக நின்றாள்.

"என் பேர் போட்டா வரையறேன் மொதலாளி. இல்லாட்டி நீங்களே வரைஞ்சுக்குங்க."

கட்புஷ் வேறு வழியில்லாமல் சரி என்றார்.

தாளில் திரும்பி விழும் என்பதால், கல்லில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வரையவேண்டும். பிரபுவின் வகிடு, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் மாற்றி, வெறுங்கை கல்லில் படாமல் பலகைமேல் கையை ஊன்றி வரைந்தாள். விரல் பட்டால் போச்சு. தோலின் எண்ணெய்ப் பசை கல்லில் இறங்கி, மை உருட்டும்போது கறுப்பாக எழுந்து நிற்கும். கடைசியாக ஓரத்தில் சின்னதாகத் தன் பெயரையும் திருப்பி எழுதினாள். அன்று சந்தோஷத்தில் அவளுக்கு ரொட்டிகூட இறங்கவில்லை.

மாதிரிப் படத்தைப் பார்க்கப் பிரபுவே வந்தார். அவருடைய இரட்டைத் தாடையை அவள் ஒன்றாக்கியிருந்தாள். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"இது யாருய்யா டார்கஸ்? பொம்பளையா?"

"ஆமாங்க பிரபு, நம்ம கூடத்துலதான்..."

"கிளப்புல சிரிப்பானுங்க. எடுத்துரு."

பிரபுவின் வண்டி தெருமுனை திரும்பியதும் கட்புஷ் கத்தியை அவளிடமே நீட்டினார். "நீயே சுரண்டிரும்மா. வேற யாரு கை வெச்சாலும் படம் கெட்டுரும்."

வெட்கங்கெட்ட மனிதன்! கழுத்தறுப்பது போதாதென்று கத்தியையும் அவள் கையிலேயே கொடுத்தானே!

அவள் சுரண்டினாள். பெயர் தூளாக உதிர்ந்தது. சுரண்டிய இடத்தில் திராவகமும் கோந்தும் பூசி அடைக்கும்வரை கல் எந்தப் பசையையும் குடித்துவிடும். டார்கஸ் கட்டைவிரலைத் தன் தலைமுடியில் தேய்த்து, பெயர் இருந்த இடத்தில் அழுத்தினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஆச்சா?"

"ஆச்சு மொதலாளி. பேர் போயிருச்சு."

அச்சடிக்கிற ஏமஸ் முதல் தாளை உரித்ததுமே பார்த்துவிட்டான். படத்தடியில் ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல்.

"ஏம்மா, இது..."

"மேல பாத்து அடிங்கண்ணே. பிரபு நல்லாத்தானே இருக்காரு?"

ஏமஸ் கொஞ்சம் யோசித்தான். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு போ" என்று அச்சுப்பொறியின் சக்கரத்தைச் சுற்றினான். படங்கள் கட்டுக்கட்டாக நேரே மாளிகைக்குப் போயின.

விருந்துக்கு மறுநாள் கட்புஷ் ஒரு படத்தைக் கசக்கிப் பிடித்தபடி வந்தார். "எவன்டா அழுக்குக் கையோட கல்லைத் தொட்டது? நீட்டுங்கடா கையை!"

ஆண்களின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படத்தோடு வைத்துப் பார்த்தார். வரைந்தவளின் கையைப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. அப்போதும்கூட அவள் அவர் கண்ணில் படவில்லை! டார்கஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைப் பிடுங்கி மேசையில் விரித்து, அந்தக் கறையின்மேல் தன் கட்டைவிரலை வைத்தாள்.

"அவங்களை விடுங்க. பேரைத்தானே எடுக்கச் சொன்னீங்க? எடுத்துட்டேன். இது என் கை."

அன்றோடு வேலை போயிற்று. பெரிய வீடுகளில் அந்தப் படத்துக்குக் கண்ணாடி போடும் முன் வேலைக்காரர்கள் அந்த விரலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்களாம். போகமாட்டேன் என்றுவிட்டதாம்.