பாலத்தை மூடிய நாள்

நெடுஞ்சாலைத் துறையில் பாலப் பொறியாளராக ஊர் ஊராக மாற்றலாகித் திரிந்தவன் நான். மனைவி இறந்த பிறகு திண்டுக்கல்லில் தனியாகத்தான் இருந்தேன்.

சென்ற மழைக்காலத்தில், நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய பாலத்தின் தூணடியில் வெள்ளம் மண்ணை அரித்திருப்பதைக் கண்டேன். உடனே தடுப்பு வைத்துப் பாதையை மூடினேன். கூட வந்த பணியாளரை மறுகரையை அடைக்க அனுப்பிவிட்டு மழையில் தனியாக நின்றேன். வந்தவர்களெல்லாம் ஏசினார்கள். மல்லிகை ஏற்றிவந்த வேன்காரர் என் சட்டையையே பிடித்துவிட்டார்.

"அம்புட்டுப் பூவும் வாடிப்போகும் சார். பாலம் நல்லாத்தான நிக்குது?"

"விடமாட்டேன்" என்றேன். என் கணிப்பு தப்பாக இருக்குமோ என்று எனக்கே சந்தேகம்தான்.

சிறிது நேரத்தில் நடுத்தூண் சாய்ந்து, பாலத்தின் நடுப்பகுதி எங்கள் கண்ணெதிரே ஆற்றில் விழுந்தது. கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடியது. நான் தடுப்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். வேன்காரர் மட்டும் ஓடவில்லை. பூ மூட்டைமேல் கிடந்த தார்ப்பாயை உருவி, எங்கள் இருவர் தலைக்கும் மேலே பிடித்தார்.

"நீங்க கெளம்பலையா?" என்று கேட்டேன்.

"போறேன் சார். செத்த நேரம் உங்க கூட நிக்கிறேன்."

மழை விட்ட பிறகும் அவர் போகவில்லை. எத்தனையோ ஆற்றங்கரைகளில் தனியாக நின்றிருக்கிறேன். எனக்காக ஒருவர் சும்மா பக்கத்தில் நின்றது அன்றுதான்.