வயிற்றில் தங்கிய காற்று

எங்கள் பிரிவில் மயக்கம் தெளியும் அறை அக்காவின் பொறுப்பு. பதினாறு வருட நர்ஸ். குடலுக்குள் கேமராக் குழாய் விடும்போது வழி தெரிவதற்காகக் காற்றடிப்பார்கள். வெளியே எடுக்கும்போது அதை உறிஞ்சிவிட்டால் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். எங்கள் டாக்டருக்கு அந்த ஒரு நிமிடம் கிடையாது. நோயாளியோ மயக்கத்தில் கிடக்கிறார், கேட்க நாதியில்லை. குழாய் கழுவுகிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

கண் விழிக்கும்போது வயிறு கல்லாட்டம் உப்பியிருக்கும். அக்கா இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பாள், முழங்காலை மடக்கிவிடுவாள், கைத்தாங்கலாக நடக்கவைப்பாள். "கூச்சப்படாதீங்க, காத்து வெளிய போகட்டும்" என்பாள். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது எந்த மாமனார் விடுவார்? பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவார். வலி ஏறியதும், "நீதாம்மா என்னமோ பண்ணிட்ட!" என்று அக்கா மேல் பாய்வார். மருமகளை வெளியே அனுப்பினால் அதற்கும் ஒரு புகார் எழுதுவார்கள்.

டாக்டரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "காத்துதானே சிஸ்டர், தானா போயிடும்."

போன வாரம் அக்காவின் கணவருக்கே குழாய் விட வேண்டி வந்தது. அவள் கையைப் பிசைந்துகொண்டு வெளியே நின்றாள். நான் உள்ளே இருந்தேன். டாக்டர் குழாயை மெதுவாக இழுத்தார், ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று உறிஞ்சினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

மாமா கண் விழித்தார்.

"வலிக்குதாங்க?" என்றாள் அக்கா.

"இல்லையே. அதுக்குள்ள முடிஞ்சுடுச்சா?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "நம்ம வீட்டு ஆளாச்சே, பாத்துப் பண்ணுனேன். சந்தோஷமா சிஸ்டர்?"

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "பாத்தியா தம்பி, அவருக்குப் பண்ணத் தெரியும். இத்தனை நாளும் தெரியும்."

அடுத்ததாக ஒரு லாரி ஓட்டுநர், துணைக்கு யாருமில்லாமல் வந்தவர். அக்கா விறுவிறுவென்று உள்ளே போய் அவர் தலைமாட்டில் நின்றாள்.

"டாக்டர், இவர் எங்க சித்தப்பா."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா ஜோக் அடிக்கிறீங்க சிஸ்டர்!" சிரித்தபடியே குழாயை ஒரே இழுவையில் உருவினார்.

அக்கா கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மயங்கிக் கிடந்தவரை இடப்பக்கமாகத் திருப்பி, முழங்காலை மடக்கிவிட்டாள். "மன்னிச்சுக்குங்க சித்தப்பா" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.