மூன்றாம் பக்கத்துக் குரல்

வெர்னா சோப்சாக் முப்பத்து நான்கு வருஷம் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கார்களின் முன்கண்ணாடி ஒவ்வொன்றும் அவள் முன்னால் நிற்கும். பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கும். குமிழியோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரத்தில் அவளைவிடக் கூர்மையான கண் யாருக்கும் இல்லை என்று அவளோடு வேலை பார்த்த லூசில் சொல்வாள். "கண்ணு சரி, காதுதான் இவளுக்குக் கேடு" என்றும் சொல்வாள். லூசில் ஒருத்திக்குத்தான் அப்படிச் சொல்லும் உரிமை இருந்தது.

வெர்னாவுக்கு ஒரே அண்ணன், டூயேன். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். அப்பா இல்லாத வீடு. அவன் ரயில்வே யார்டில் பெட்டிகள் கோக்கும் வேலைக்குப் போனான். மாதா கோயிலுக்கு அம்மா இழுத்தால்தான் போவான். அவனுடைய பக்தியெல்லாம் 'ரெட் சைலோ' என்ற ராக் குழுவின் மேல். நான்கு பேர், இந்தியானா மாநிலத்துச் சோளக்காட்டுப் பையன்கள். தரை அதிரும்படி கிடார் வாசிப்பார்கள். அவர்களுடைய ஐந்து இசைத்தட்டுகளையும் டூயேன் வெளிவந்த அன்றே வாங்கியிருந்தான். தட்டை விளிம்பில் மட்டுமே பிடிப்பான். சட்டையைக் கழற்றி அதைக்கொண்டு துடைப்பான். அம்மா ஒருநாள், "என்னைத் தொடும்போதுகூட இவன் கை இவ்வளவு மெதுவா இருந்ததில்ல" என்றாள்.

அந்த ஐந்தில் இரண்டாவது தட்டை வெர்னா அவனைக் கேட்காமல் ராண்டிக்குக் கொடுத்தாள். ராண்டி அவளுக்கு நிச்சயமானவன். வாங்கிப் போனவன் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் அதைப் போட்டுவிட்டான். திரும்பி வந்தபோது தட்டு சூப் கிண்ணத்தைப் போல வளைந்திருந்தது.

டூயேன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ராண்டியின் முன்னாலேயே கத்தினான்.

"உன் பொருளைக் கொடு, யார் வேணாம்னா? என் பொருளைத் தூக்கி ஒரு மடையன்கிட்ட கொடுப்பியா?"

"ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கு இவ்வளவா?"

"ஆமா, இவ்வளவுதான். உன்னைக் கட்டிக்கப் போறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டைப் பார்த்துக்கத் தெரியல."

ராண்டி முகம் சிவந்து எழுந்து போனான். அண்ணனும் தங்கையும் இரண்டு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

ரெட் சைலோ டொலீடோவுக்கு வந்தது 1976 மார்ச்சில். வெள்ளி, சனி, இரண்டு நாள் நிகழ்ச்சி. இரண்டையும் பதிவு செய்து ஆல்பமாகப் போடப் போகிறார்கள் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது டூயேன் சமையலறை மேசையில் ஒரு டிக்கெட்டை வைத்தான்.

"வர்றதுன்னா வா. இடது பக்கக் கதவுக்கிட்ட நிப்பேன்."

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. மனசுக்குள் போகத்தான் ஆசை. அவன் இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள். அவன் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் அவள் அம்மாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்தாள். டிக்கெட் மேசையிலேயே கிடந்தது.

டூயேன் வீடு திரும்பவில்லை. சனிக்கிழமை காலை அவனுடைய பழைய பிளிமத் கார் மௌமி ஆற்றங்கரையில் பூட்டியபடி நின்றது. ஆற்றில் அந்த வாரம்தான் பனிக்கட்டி உடைந்து நகரத் தொடங்கியிருந்தது. கரையோரக் கட்டி ஒன்றின் மேல் அவன் தொப்பி இருந்தது. ரெண்டு பீர் குடித்துவிட்டு, பனி நகர்வதை வேடிக்கை பார்க்க இறங்கியிருப்பான், கால் வழுக்கியிருக்கும் என்றார்கள் போலீஸார். அந்த ஆறு ஏரியில் போய் விழுகிறது. உடல் கிடைக்கவே இல்லை. ஜூன் மாதம் அம்மா கோயிலில் அவனுக்காகப் பூசை வைத்தாள். வெர்னா கறுப்பு உடுத்திப் போய் நின்றாள். அவளும் நம்பியிருந்தாள்.

நவம்பரில் அந்த ஆல்பம் வந்தது. இரண்டு தட்டு, நான்கு பக்கம். அவனாக இருந்தால் முதல் நாளே வாங்கியிருப்பான் என்று அவன் சார்பில் வெர்னா வாங்கி வந்தாள். அவன் அறையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். மூன்றாம் பக்கம், இரண்டாவது பாட்டு முடிகிறது. டிரம் ஓய்கிறது. பாடகன் மூச்சு வாங்குவது கேட்கிறது. அந்த இடைவெளியில், கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே, இடது பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் எழும்பியது.

"வெர்னா!"

அவள் ஊசியைத் தூக்கி மறுபடியும் வைத்தாள். பிறகு மறுபடியும். மாடியிலிருந்து அவளைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி எழுத்தை இழுப்பானே, அதே இழுப்பு.

அழுதுகொண்டே அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது: முதல் இரண்டு பக்கங்கள் வெள்ளிக்கிழமை பதிவு, மூன்றும் நான்கும் சனிக்கிழமை பதிவு.

அவள் அழுகை நின்றது. சனிக்கிழமை காலையில் தொப்பி கிடைத்தது. சனிக்கிழமை மாலை அவன் அரங்கத்தில் நின்று அவளைக் கூப்பிட்டிருக்கிறான்.

தட்டையும், எடுத்துப் போகக்கூடிய சின்ன பிளேயர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். ஒரு துப்பறியும் அதிகாரி மரியாதையாக ஒரு தடவை கேட்டார்.

"ஒஹையோவுல எத்தனை வெர்னா இருக்காங்கன்னு தெரியுமா, மிஸ்? என் மாமியார் பேரே வெர்னாதான்."

"இது எங்க அண்ணன் குரல்."

"இருக்கலாம். உயிரோட இருந்தா உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாரா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. கோபத்தில் போயிருக்கிறான். அவளைத் தேடி மறுநாளும் அரங்கத்துக்கு வந்திருக்கிறான். அவள் வரவில்லை என்றதும் ஊரைவிட்டே போய்விட்டான். இதை அவள் அதிகாரியிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள். அம்மா அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து போய் பிளேயரை அணைத்தாள்.

"அது என் பிள்ளை இல்ல. இந்தப் பேச்சை இந்த வீட்டுல இனிமே எடுக்காதே."

அவர்கள் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய், வெர்னா மத்தியானமே வீடு திரும்பினாள். வாசல் கதவில் கை வைக்கும்போது உள்ளேயிருந்து அந்தக் குரல் அவள் பெயரைக் கூப்பிட்டது. உள்ளே டூயேனின் அறையில் அம்மா வெளியே போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, பிளேயருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் கேக்கிறியா, மா?"

அம்மா மறைக்கவில்லை. "நீ வேலைக்குப் போனப்புறம்" என்றாள். ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, "அவன் உன்னைத்தான் கூப்பிடறான். என்னைக் கூப்பிடல" என்றாள்.

இருவருமாகக் கேட்டதில் தட்டு தேய்ந்தது. ஒவ்வொரு முறையும் ஊசி குரல் பதிந்த கோட்டிலிருந்து துளித்துளியாய்ச் சுரண்டிக்கொண்டு போகும். அவன் குரலில் முதலில் மணல் கலந்தது. பிறகு அது பக்கத்து வீட்டிலிருந்து வருவதாய்ப் போனது. வெர்னா இன்னொரு பிரதி வாங்கினாள். அது தேய்வதற்குள் வேறொன்று. பழைய தட்டுக் கடைகளில், வீட்டு வாசல்களில் பழைய சாமான் விற்கும் இடங்களில், எங்கே கண்டாலும் எடுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒரே ஒரு தடவை கேட்பது என்று பிறகு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். அம்மா இறந்த வருஷம் அலமாரியில் முப்பத்தோரு பிரதிகள் இருந்தன.

ராண்டி சீக்கிரமே விலகிவிட்டான். "உங்க அண்ணன் என்னை மடையன்னு சொன்னதையே நீ மாசக்கணக்கா கேட்டுட்டு இருக்கற மாதிரி இருக்கு" என்றான். அது உண்மையில்லை. ஆனாலும் அவனைத் தடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. கிளீவ்லாந்து, டெட்ராய்ட், ஃபோர்ட் வேன் என்று எந்த ஊரில் ரெட் சைலோ வாசித்தாலும் போவாள். உள்ளே போக மாட்டாள். இடது பக்கக் கதவருகில் நின்று, வருகிற முகங்களைக் கண்ணாடி பார்க்கிற கண்ணால் பார்ப்பாள். 1984-ல் அந்தக் குழு கலைந்தது. நிற்பதற்கு அவளுக்குக் கதவு இல்லாமல் போனது.

1997-ல் அதே ஆல்பத்தை சிடியாகப் போட்டார்கள். தேயாத தட்டு என்று கடைக்காரன் சொன்னதும் வெர்னா விலைகூடக் கேட்காமல் வாங்கினாள். வீட்டுக்கு வந்து போட்டாள். இரண்டாவது பாட்டு முடிந்தது. பாடகன் மூச்சு வாங்கினான். அடுத்த பாட்டு தொடங்கியது. நடுவில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வரிதான். அந்த இடத்தில் ஒரு ஆள் இருந்தான், அவனை எங்கே எடுத்துப் போட்டீர்கள் என்று கேட்டிருந்தாள். கடிதம் கை மாறிக் கை மாறி, அந்தப் பதிவைச் செய்த ஹார்லன் கிரீப் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. அட்டையின் பின்பக்கத்தில் இருபத்தொரு வருஷமாக அவள் பார்த்து வந்த பெயர்தான். ஓய்வு பெற்று டேட்டன் நகரத்தில் இருந்தார். ஒரு சாயங்காலம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்தக் குரலைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்மா. எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்கு. நேர்ல வாங்க, மூல ஒலிநாடா என்கிட்டத்தான் இருக்கு."

லூசில் கார் ஓட்ட, ஒரு சனிக்கிழமை போனார்கள். ஹார்லன் ஒடிசலான மனிதர். வலது காதில் கருவி மாட்டியிருந்தார். மனைவி காபியும் ஆப்பிள் கேக்கும் வைத்துவிட்டுப் போனாள். வெர்னா கேக்கைத் தொடாமல் முழுக் கதையையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, ஆறு, தொப்பி, அட்டையில் அச்சிட்ட சனிக்கிழமை.

சனிக்கிழமை என்றதும் ஹார்லன் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"மிஸ் சோப்சாக், அது சனிக்கிழமை இல்ல."

"அட்டையில போட்டிருக்கே."

"பாட்டு சனிக்கிழமை. கூட்டம் வெள்ளிக்கிழமை." அவர் சொல்ல முடியாமல் சொன்னார். "சனிக்கிழமை பனி கொட்டுச்சு. பாதி அரங்கம் காலி. வந்தவங்களும் உறைஞ்சு போய் நின்னாங்க, கைதட்டக்கூட இல்ல. அதை அப்படியே போட்டா எவன் வாங்குவான்? அதனால வெள்ளிக்கிழமை நாடாவுல இருந்து சத்தத்தை வெட்டி, சனிக்கிழமை பாட்டுக்கு நடுவுல ஒட்டினோம். அப்ப எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. பிளேடு வெச்சு நான்தான் வெட்டினேன். அந்தக் குரல் உயிரோட இருந்துச்சு, அதனால எடுத்தேன்."

லூசில் வெர்னாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"சிடில ஏன் இல்ல?" என்று வெர்னா கேட்டாள். அவளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"இப்ப பண்ற பசங்க, ஒட்டினதெல்லாம் எடுத்துட்டாங்க. உள்ளது உள்ளபடி இருக்கணுமாம்." அவர் தலை குனிந்திருந்தார். "எனக்குத் தெரியாதும்மா. ஒரு வீட்டுல இதை வெச்சு ஒருத்தர் காத்துட்டு இருப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா..."

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றாள் வெர்னா. "அந்த நாடாவைப் போடுங்க."

மாடி அறையில் பெரிய கருவி ஒன்று இருந்தது. நாடா சுற்றத் தொடங்கியது. தட்டில் அந்தக் குரலுக்குப் பிறகு டிரம் வந்துவிடும். அதைத்தான் அவள் ஆயிரம் தடவை கேட்டிருந்தாள். இங்கே டிரம் வரவில்லை. கூட்டம் சும்மா இரைந்துகொண்டிருந்தது, செருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும். இடது பக்கக் கதவுக்கு மேலே தொங்கவிட்ட மைக்கில் எல்லாம் விழுந்திருந்தது.

"வெர்னா! வெர்ன், இங்க. இங்க இருக்கேன்."

இன்னொருவன் குரல், குடித்த குரல்: "யாருடா அது வெர்னா? காதலியா?"

"தங்கச்சி. அந்த நீல கோட்டு அவளோன்னு பார்த்தேன், இல்ல."

"வர மாட்டா, விடு."

"வருவா. கோவக்காரி. ஆனா வருவா."

பிறகு டிரம் எழுந்தது. எல்லாம் அதற்குள் போய்விட்டது.

ஹார்லன் கருவியை நிறுத்தினார். "வேணும்னா இன்னொரு தடவை போடறேன்" என்றார். வெர்னா வேண்டாம் என்று தலையாட்டினாள். கேசட்டில் பதிந்து வைத்திருந்ததை நீட்டினார். அவள் கை நீளவில்லை. லூசில் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் லைமா ஊரைத் தாண்டியதும் வெர்னா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "அவன் கோவமாவே இல்ல, லூசில். நான் இத்தனை வருஷமா அவன் கோவத்துல போயிட்டான்னு நெனச்சு, அவனைச் சமாதானப்படுத்தத் தேடிட்டு இருந்தேன்." காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, அறுத்த சோளக்காட்டின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் நீதிமன்றத்துக்குப் போய் அண்ணன் இறந்ததாக எழுதி வாங்கினாள். தேதி கேட்டார்கள். 1976 மார்ச் 12 என்று தயங்காமல் சொன்னாள். அம்மாவுக்குப் பக்கத்தில் அவனுக்குக் கல் வைத்தாள். முப்பத்தோரு ஆல்பங்களையும் கோயிலில் நடந்த பழைய சாமான் விற்பனைக்குக் கொடுத்தாள். காலையில் கொண்டு வைத்தது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. நரைத்த தாடிக்காரர்கள் ஆளுக்கொன்றாய் நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார்கள். மூன்றாம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவள் எவரிடமும் சொல்லவில்லை. ராண்டியும் வந்து ஒன்று வாங்கிப் போனதாகப் பாதிரியார் பிறகு சொன்னார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டை விற்றுவிட்டு லூசிலோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அங்கே பிளேயர் இல்லை. கேசட் லூசிலின் துணி அலமாரியில் எங்கேயோ கிடக்கிறது, கேட்டு வாங்கியதில்லை. முன்பெல்லாம் அந்தக் குரலுக்குத் தட்டு வேண்டியிருந்தது, ஊசி வேண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை வேண்டியிருந்தது. இப்போது எதுவும் தேவைப்படுவதில்லை. பாத்திரம் கழுவும்போது வருகிறது, கடைத்தெருவில் வருகிறது. தேய்மானம் இல்லாமல், இடது பக்கத்திலிருந்து.

அப்போது வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு, சற்றே இடதுபுறம் திரும்பி, "வந்துட்டேன்" என்கிறாள். முதல் சில தடவை லூசில் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து அடுத்த அறையிலிருந்து, "எங்க வந்துட்ட?" என்று குரல் கொடுத்தாள். இப்போது கொடுப்பதில்லை. கையில் உள்ள வேலையை ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்தச் சத்தம் அடங்கும்வரை தானும் பேசாமல் இருக்கிறாள்.