நோன்பிருந்து நாறிய வாய்

எங்கள் ஊர்க் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூண்டெல்லாம் கிடையாது. பாவம் சொல்ல வந்தவர் மண்டியிட வேண்டும். சாமி தன் கழுத்தில் தொங்கும் பட்டுத்துணியை அவர் தலைமேல் போர்த்தி, குனிந்து முகத்தருகே பேசுவார். இரிமியா சாமிக்கு வந்த கேடு அந்தத் துணிக்கடியில்தான் வந்தது.

நான் அவருடைய பூசைகளுக்குப் பாடுகிறவன். அவரைப்போல் ஒரு மனுஷனை நான் கண்டதில்லை. முழங்கால் அளவு பனியிலும் நோயாளி வீட்டுக்கு நடந்தே போவார். ஆனால் வருஷம் போகப் போக, ஈஸ்டருக்கு முன் பாவம் சொல்ல வேண்டியவர்கள் கார் பிடித்துப் பக்கத்து ஊர்ச் சாமியிடம் ஓடினார்கள். காரணம் ஊருக்கே தெரியும். பூண்டு நாற்றமென்றால் நாங்கள் கண்டுகொள்ளவே மாட்டோம், எங்கள் எல்லார் வாயிலும் அதுதான். சாமியின் வாயில் அடித்தது செத்த எலி நாற்றம்.

அவரோ தன் ஜெபத்துக்குத்தான் வலு இல்லை என்று நினைத்துக்கொண்டார். தவக்காலத்தில் ஊரே இறைச்சியையும் பாலையும் விட்டால், அவர் எண்ணெயையும் விட்டார். பிறகு மதியச் சாப்பாட்டை விட்டார். கடைசியில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வாய் காயக் காய நாற்றம் கூடியது. நாற்றம் கூடக் கூட ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததும் இன்னும் கடுமையாக நோன்பிருந்தார். எங்கள் சபையில் சாமிமாருக்குக் கல்யாணம் உண்டு; அவர் மனைவி ஸம்ஃபிரா, முழங்கால் குளிர்கிறது என்று சொல்லிப் படுக்கையை அடுப்பறைக்கு மாற்றிக்கொண்டாள்.

இந்த ஈஸ்டருக்கும் ஜனம் வராவிட்டால் கோயிலைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவோம் என்று ஆயர் சொல்லி அனுப்பினார்.

அந்தத் தவக்காலத்தில் பனி உருகிப் பாதை சேறானதால், கடைக்காரி ஸாஃப்தா வேறு வழியில்லாமல் இவர் துணிக்கடியில் வந்து மண்டியிட்டாள். "சாமி, இத்தனை வருஷமா உங்களை விட்டுட்டு அடுத்த ஊருக்கு ஓடுனேன். அதுவும் பாவந்தானே? உங்க வாய் நாறுது. மூச்சை அடக்கிக்கிட்டு எப்படிப் பாவத்தைச் சொல்றது?" என்றாளாம். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது சாமிக்குத்தான் சட்டம். அவள் சர்க்கரை நிறுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

மறுநாள் அந்தச் சேற்றிலேயே குதிரை வண்டி கட்டி அவரை டவுனுக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொள்ளாத குறை.

"வயித்துல ஒரு கோளாறும் இல்ல சாமி. ஈறு அழுகிக் கிடக்கு. நாக்குல மாவு அப்புனாப்ல அழுக்கு. எச்சில்தான் வாயைக் கழுவுற தண்ணி, அதையும் பட்டினி போட்டு வத்த வெச்சுட்டீங்க."

சொத்தைப் பல்லைப் பிடுங்கினாள், பல்லில் படிந்த காறையைச் சுரண்டினாள். காலையும் ராத்திரியும் பல் துலக்கணும், நாக்கை வழிக்கணும், அடிக்கடி தண்ணீர் குடிக்கணும் என்றாள். இவ்வளவுதான் வைத்தியம். திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. கள்ளச் சாராயம், கள்ளப் புருஷன் என்று எல்லாக் கண்றாவியையும் அவர் காதில் கொட்டிய ஊர் இது. இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும், ஸாஃப்தா சொல்லும்வரை, எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சொன்னதையெல்லாம் தவறாமல் செய்தார். ஈஸ்டர் வருவதற்குள் நாற்றம் அடியோடு போய்விட்டது. ஆனால் பாதையும் காய்ந்துவிட்டது. புனித வாரத்தில் கார்கள் வழக்கம்போல அடுத்த ஊருக்கே போயின. அந்தச் சாமி பழகிவிட்டார், இனி எதற்கு மாற்றுவது என்றார்கள். ஸாஃப்தாவும் போனாள்.

சனிக்கிழமை பகல் முழுக்கத் துணியைக் கழுத்தில் போட்டபடி நின்றார். பிறகு என்னோடு வீட்டுக்கு வந்து, அடுப்பருகே நின்ற மனைவியிடம் குனிந்தார்.

"ஸம்ஃபிரா, உண்மையைச் சொல்லு. இன்னும் நாறுதா?"

"இல்லீங்க. சுத்தமா இல்ல," என்றாள். உண்மைதான். ஆனால் அவர் குனியும்போதே அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டிருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

சாமி நிமிர்ந்தார். கோயில் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் அடுத்த ஊர்ல கொண்டுபோய்க் குடுத்துடுப்பா," என்றார்.